செத்ததா, பேச்சற்றுக் கிடக்கிறதா?

புனேக்குக் குடிநீர் தரும் கடக்வாஸ்லா அணையில் 1903-ல் பொறியாளர் விசுவேசுவரய்யாவின் தானியங்கி மதகுகள் பொருத்தப்பட்டன. நீர்மட்டம் குறித்த அளவைத் தாண்டினால் தாமே திறக்கும்; வடிந்தால் மூடிக்கொள்ளும். மட்டம் பொய் சொல்லாது, அதனால் மதகுக்குச் சந்தேகமும் வராது. பல சர்வர்கள் சேர்ந்து இயங்கும் கிளஸ்டரில் ஆளில்லாமல் முடிவெடுக்கும் மென்பொருளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதற்குக் கிடைக்கும் தடயம் மௌனம் மட்டுமே.

முலா, முத்தா என்று இரண்டு மெய்நிகர் கணினிகள், வேறு வேறு ஹோஸ்ட்டுகளில், அதாவது அவற்றைச் சுமக்கும் நிஜக் கணினிகளில், ஓடுகின்றன என்று வையுங்கள். டிஸ்க் பொது. முலா டேட்டாபேஸில் எழுதுகிறது, முத்தா காத்திருக்கிறது. திடீரென்று முலாவிடமிருந்து தகவல் வருவது நிற்கிறது. செத்துவிட்டதா, நெட்வொர்க் அறுந்ததா, வேலைப்பளுவில் உறைந்துபோய்ச் சில விநாடியில் விழித்துக்கொள்ளுமா? முத்தாவுக்குத் தெரிய வழியில்லை. செத்ததென்று நம்பி அது எழுத ஆரம்பிக்க, முலாவும் விழித்து எழுதினால் டேட்டாபேஸ் நாசம்.

எனவே பேஸ்மேக்கர் போன்ற கிளஸ்டர் மென்பொருள் முதலில் முலாவைக் கொன்றுவிடும். கொன்றாயிற்று என்ற உறுதி வந்த பிறகே முத்தா பொறுப்பேற்கும். இதுதான் ஃபென்சிங்.

நிஜ சர்வர் என்றால் மின்சாரத்தைத் துண்டிக்கலாம். மெய்நிகர் கணினிக்கு ஏது பிளக்? அதைச் சுமக்கும் ஹோஸ்ட்டிடம்தான் கேட்கவேண்டும். கேவிஎம் என்ற மெய்நிகராக்க மென்பொருள் ஓடும் ஹோஸ்ட்டில் இதற்கென ஒரு பின்னணிச் சேவை உண்டு. வழக்கமான அமைப்பில் கோரிக்கை மல்டிகாஸ்ட்டாக, அதாவது ஒரே நேரத்தில் பலருக்கும் போகும் செய்தியாக, 1229 என்ற போர்ட்டுக்குப் போகும். இரு தரப்பும் வைத்திருக்கும் ரகசியச் சாவி கோரிக்கையோடு பயணிப்பதில்லை. சாவியைக் கொண்டு இட்ட கையொப்பம் மட்டும் போகும். அது பொருந்தினால் ஹோஸ்ட் முலாவை அணைக்கும்.

சிக்கலும் அந்தச் சாவியில்தான். சாவி உள்ள ஒரே கோப்பை எல்லாக் கணினிகளுக்கும் நகலெடுத்து வைப்பார்கள். வேறு தடை போடாவிட்டால், அதைக் கைப்பற்றிய எவரும் அந்த ஹோஸ்ட்டில் உள்ள எந்தக் கணினியையும் சாய்க்கலாம். வாசலில் ஃபயர்வால் போட்டுவிட்டு இதைத் திறந்துபோட்டு வைப்பது அசட்டுத்தனம். கோப்பை ரூட் என்ற நிர்வாகிக் கணக்கு மட்டும் படிக்கவேண்டும். கோரிக்கைகள் தனி நெட்வொர்க்கில் ஓடவேண்டும். எது எதைக் கொல்லலாம் என்று ஹோஸ்ட்டின் அமைப்புக் கோப்பில் வரையறுக்கவும் முடியும். பலர் அதைத் தொடுவதே இல்லை.

முலாவின் ஹோஸ்ட்டே மின்சாரம் இழந்தால்? 'கொன்றாயிற்று' என்று சொல்ல ஆளில்லை. பேஸ்மேக்கர் அசையாமல் நிற்கும், சேவையும் நிற்கும். எரிச்சலில் ஃபென்சிங்கையே அணைத்துவிடும் நிர்வாகிகள் உண்டு. இரண்டாம் நிலையாக, ஹோஸ்ட் செருகியிருக்கும் பவர் ஸ்ட்ரிப்பை நெட்வொர்க் வழியே துண்டிக்க ஏற்பாடு செய்து வைத்தால், ஸ்ட்ரிப்புக்கே மின்சாரம் போகாதவரை அதுவாவது பதில் சொல்லும்.