மூச்சின் அளவை அறிவோம்

தை பிறந்து களத்தில் நெல் தூற்றும் காலம் வந்தால், ஊரில் சிலருக்கு இரவு உறக்கம் கெடுகிறது. நெஞ்சு இறுகும், மூச்சில் சீழ்க்கை போன்ற ஒலி எழும், விடியற்காலையில் இருமல் வலுக்கும். இழுப்பு என்றும் இரைப்பு என்றும் நாம் கூறும் இந்நோயையே மருத்துவர்கள் ஆஸ்துமா என்கின்றனர். தொல்லை தணிந்ததும் நோய் போய்விட்டதென எண்ணி, மருந்தை நிறுத்திவிடுவோர் உண்டு. ஆபத்துக்கு வித்தாவது இந்த எண்ணமே.

நுரையீரலுக்குக் காற்றைக் கொண்டு செல்லும் குழாய்களின் உட்புறம் அழற்சியால் வீங்குகிறது, சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன, சளி தேங்குகிறது. மூச்சுத் திணறல் தணிந்த பின்பும் அழற்சி நீடிக்கக்கூடும். குழாய்கள் ஓரளவு குறுகியிருப்பதற்குப் பழகிவிட்டவர் அதனை உணர்வதில்லை. மடையில் பாயும் நீரின் வேகத்தைக் கண்டு வாய்க்கால் தூர்ந்திருப்பதை அறிகிறோம் அல்லவா? அவ்வாறே, வெளிவரும் காற்றின் வேகத்தை அளந்து இக்குழாய்களின் நிலையை அறியலாம்.

இதற்குரிய கருவி ஸ்பைரோமீட்டர். 1846-ஆம் ஆண்டில் ஜான் ஹட்சின்சன் என்னும் ஆங்கில மருத்துவர் இதனை விளக்கி எழுதினார். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இப்பரிசோதனை செய்யப்படுகிறது. மூச்சை நிரம்ப இழுத்து, குழலை உதடுகளால் இறுகக் கவ்வி, முழு வேகத்துடன் காற்று தீரும்வரை ஊத வேண்டும். குறைந்தது மூன்று முறை ஊதச் சொல்வர்.

அறிக்கையில் இரண்டு எண்கள் பிரதானமானவை. ஊதி வெளியேற்றிய மொத்தக் காற்று எஃப்.வி.சி. எனப்படும். முதல் வினாடியில் மட்டும் வெளியேறியது எஃப்.இ.வி.1 ஆகும். நலமுள்ள பெரியவர்கள் ஏறத்தாழ முக்கால் பங்கோ அதற்கு மேலோ முதல் வினாடியிலேயே வெளியேற்றிவிடுவர். முதுமையில் இது சற்றுக் குறையும். ஒருவருக்கு மொத்தம் 3.5 லிட்டரும், முதல் வினாடியில் 2.1 லிட்டரும் வந்தால், விகிதம் 60 சதவீதமே. குழாய்களில் தடை உள்ளது என்பது இதன் பொருள். பின்னர் குழாயை விரிக்கும் மருந்தை உறிஞ்சச் செய்து, சுமார் 15 நிமிடம் கழித்து மீண்டும் அளப்பர். 2.1 லிட்டர் 2.5 ஆக உயர்ந்தால், தடை மருந்தினால் நீங்கக்கூடியது எனத் தெளிவாகும். இது ஆஸ்துமாவின் முக்கிய அடையாளம். ஆயினும் நலமாயிருக்கும் நாளில் அளவு சரியாக இருப்பதால் மட்டும் நோயில்லை என்று முடிவு செய்தலாகாது.

வீட்டிலேயே ஊதிப் பார்க்கப் பீக் ஃப்ளோ மீட்டர் என்னும் சிறு கருவி உண்டு. நலமாயிருக்கும்போது ஒருவர் எட்டும் மிகச் சிறந்த அளவு 400 எனக் கொள்வோம். 320-க்கு மேல் இருப்பின் கவலையில்லை. 320-க்கும் 200-க்கும் இடையே இறங்கினால், மருத்துவர் முன்னரே கூறியபடி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். 200-க்குக் கீழே வந்தால், உடனே நிவாரண மருந்தை உறிஞ்சிவிட்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். பேச இயலாத அளவுக்கு மூச்சு முட்டினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ அளந்துகொண்டிராமல் 108-ஐ அழைப்பது அவசியம்.

உறிஞ்சு மருந்து பழக்கத்துக்கு அடிமையாக்கும் என்பது தவறான நம்பிக்கை. திணறலைத் தணிக்கும் மருந்து வேறு, அழற்சியை அடக்கும் மருந்து வேறு. முன்னதை மட்டும் நம்பியிருத்தல் தகாது. பின்னதை நலமாயுள்ள நாட்களிலும் மருத்துவர் கூறியபடி எடுத்து, வாயைக் கொப்பளித்துவிட வேண்டும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் இதில் கடமையுண்டு. பார்த்தீனியச் செடியைப் பூக்குமுன் களையச் செய்யலாம். குப்பையைத் தெருவில் எரிப்பதைத் தடுக்கலாம். விறகடுப்புப் புகையும் பீடிப் புகையும் விளைக்கும் தீங்கைக் கிராம சபையில் எடுத்துரைக்கலாம். இழுப்புள்ளவர் நெல் தூற்றும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வாராக. நிலத்தை அளந்து காக்கும் நாம், மூச்சையும் அளந்து காப்போமாக.