ஊரே சிரித்தது, பபூன் வீட்டில் உலை ஏறவில்லை!

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் கிராமங்களில் பங்குனிப் பொங்கல் என்றால் விடிய விடிய ‘வள்ளி திருமணம்’ நாடகம்தான். முதலில் மேடையேறுபவர் பபூன். டான்ஸ் ஆடும் பெண்ணுடன் இரட்டை அர்த்தத்தில் வெளுத்து வாங்குவார். “சீச்சீ!” என்று முகம் சுளிக்கும் பெண்களும் முந்தானைக்குள் சிரிப்பார்கள்!

ஆனால் அவர் பிழைப்பு? ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனியும் கிடையாது, மாதச் சம்பளமும் கிடையாது. ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாகப் ‘புக்’ செய்வார்கள். திருவிழாக் காலத்தில் கிடைப்பதுதான் மழைக்காலத்துக்கும் கஞ்சி.

2020 மார்ச்சில் வந்தது கொரோனா ஊரடங்கு. சரியாகப் பங்குனி மாதம்! கொட்டகையும் போச்சு, அந்த வருடச் சோறும் போச்சு.

மதுரை ரோபோ சங்கர் போல மேடையிலிருந்து டி.வி.க்குப் போனவர்கள் சிலரே. மற்றவர்கள் இன்னும் ஊர் ஊராகத்தான் அலைகிறார்கள்.

ஆபாசம் என்று திட்டுகிறோம். சரி. விடியும்வரை உட்கார்ந்து பார்ப்பதும் நாம்தானே! பேசிய சம்பளத்தைக் குறைக்காமல் கொடுங்கள், அய்யா!