அப்பா பிடித்த நாலரை மில்லிமீட்டர்

கோப்பெங்கில் ரயில் நிலையம் இல்லை. ஈப்போவிலிருந்து தெற்கே போகும் தடம் பத்து காஜா, கம்பார் வழியாகப் போய்விடுகிறது. ஆனாலும் எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு வருடமாக ரயில் ஓடுகிறது, மேசை மேல்!

மாதிரி ரயில்களில் உலகெங்கும் பரவலானது 'எச்ஓ' அளவு. நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு. 12 வோல்ட் மின்சாரம் தண்டவாளம் வழியாக எஞ்சின் மோட்டாருக்குப் போகும். கம்பியில் தூசு படிந்தால் வண்டி திக்கும். அடிக்கடி துடைக்க வேண்டும்.

முதல் நாள் வண்டி ஓடியதும் அப்பாவைக் கூப்பிட்டேன். மலாயா ரயில்வே கேங்கில் சிலிப்பர் கட்டை மாற்றி, ஜல்லி தட்டி, தடத்தின் அகலம் பார்த்தே வயதானவர். குனிந்து பார்த்தார்.

"இது நம்ம கம்பி இல்லப்பா. அகலம் கூட இருக்கு."

சிரித்தேன். பிறகு அளந்தேன். 16.5 மில்லிமீட்டர். 87-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1,435. அது ஐரோப்பிய ரயில்களின் அகலம். நம் நாட்டில் 1,000 மில்லிமீட்டர்தான். 1885-ல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை ஓடிய முதல் ரயிலுக்கும் அதே மீட்டர் அகலம்தான்.

பெட்டியைத் திறந்து கொண்டாட நமக்கு மாதிரி கிடைப்பது அரிது. ஆனால் சுவிட்சர்லாந்து மலை ரயில்கள் பலவும் மீட்டர் அகலம்தான். அவற்றுக்காக விற்கும் 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தை வாங்கினேன். கணக்குப்படி 11.5 வேண்டும், அந்த அரை மில்லிமீட்டரை அப்பா மன்னித்துவிட்டார். பெட்டிகளை அட்டையிலும் பிளாஸ்டிக் தகட்டிலும் நானே வெட்டினேன். 1917-ல் கட்டி முடித்த ஈப்போ நிலையத்தின் குவிமாடத்துக்கு மட்டும் மூன்று மாதம்!

ஆட்கள்தான் பிரச்சினை. கடையில் கிடைத்த பொம்மைகள் எல்லாம் கோட்டும் தொப்பியும் போட்ட வெள்ளைக்காரர்கள். இந்தத் தடத்தைப் போட்டதிலும் பராமரித்ததிலும் நம் ஆட்களின் உழைப்பு எவ்வளவு! நாங்கள் வளர்ந்த ரயில்வே வரிசை வீடுகளும் இன்று இல்லை. மேசையிலாவது இருக்கட்டுமே என்று தொப்பியைச் சுரண்டி, தாளில் தலைத்துண்டு கட்டி, ஐந்து பேரைத் தடத்தோரம் நிறுத்தினேன். ஒவ்வொருவரும் இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அஞ்சு பேரும் தலைய குனிஞ்சு வேலை பார்த்தா, ரயில் வர்றத யாரு பார்க்கிறது? ஒருத்தன தள்ளி நிக்க வை. கையில சிவப்புக் கொடி கொடு."

இப்போது அவர் நிற்கிறார்.