காகிதம் கூடவா மூப்படையும்?

1938இல் அமெரிக்காவில் 10 சென்ட்டுக்கு விற்ற ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழின் ஒரு பிரதி, 2014இல் 32 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. சூப்பர்மேன் அறிமுகமான அரிய இதழ் என்பது மட்டுமா காரணம்? அன்று, அதன் தாள்கள் வெண்மை மாறாதிருந்தன.

மலிவான காகிதம் மரத்தை அரைத்த கூழால் செய்யப்படுவது. அதிலுள்ள லிக்னின் என்னும் பொருள் ஒளியும் ஆக்சிஜனும் படப் பழுப்பேறுகிறது. அமிலமோ செல்லுலோஸின் நீண்ட மூலக்கூறுகளைத் துண்டாடுகிறது, தாள் நொறுங்குகிறது. வெப்பமும் ஈரமும் இவ்வினைகளை விரைவாக்கும்.

அப்பிரதியோ மேற்கு வர்ஜீனியாவின் குளிர்ந்த மலைப்பகுதியில், மரப்பெட்டியின் இருளில் பல்லாண்டு கிடந்தது. தர மதிப்பீட்டில் 10க்கு 9 பெற்றது. ஏலம் கேட்டோர் போட்டியிட்டது, நடைபெறாமற்போன வேதிவினைக்கும் சேர்த்துத்தான்! உங்கள் புத்தக அலமாரி வெயில் படும் இடத்திலா இருக்கிறது? சற்றே பாருங்கள்.