தூங்கும் பூதமும் படுத்திருக்கும் அம்மனும்

ஆக்டோபஸ் போலத் தலை. தாடி, மீசை இருக்க வேண்டிய இடத்தில் நெளிந்துகொண்டிருக்கும் கைகள். உடம்பெல்லாம் செதில். முதுகில் சிறகு. உயரம்: மலையளவு. விலாசம்: பசிபிக் பெருங்கடலுக்கு அடியில் மூழ்கிக் கிடக்கும் ஒரு நகரம். தொழில்: தூக்கம்!

இப்படி ஒரு ஜாதகம் வந்தால் தரகரை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவோம். ஆனால் இந்த ஆசாமிக்கு உலகம் பூராவும் ரசிகர்கள். டி-ஷர்ட்டில் அச்சடித்து மாட்டிக்கொள்கிறார்கள். பஞ்சடைத்த பொம்மையாகத் தைத்துக் குழந்தையின் கட்டிலில் படுக்க வைக்கிறார்கள். அமெரிக்காவில் ஜனாதிபதி தேர்தல் வந்தால் 'பேசாமல் இவரையே நிறுத்திவிடலாமே' என்று கிண்டல் பிரசாரம் செய்கிறார்கள். 1994-ல் கலிபோர்னியாவில் வாழும் ஒரு சிலந்தி இனத்துக்கு இவர் பெயரை வைத்தார் ஒரு விஞ்ஞானி. 2015-ல் விண்கலம் ஒன்று புளூட்டோ அருகே பறந்து படமெடுத்தபோது தெரிந்த ஒரு பெரிய கருந்திட்டுக்கும் செல்லமாக இவர் பெயர்தான்!

பெயர் என்ன என்கிறீர்களா? க்துலு. உரக்கச் சொல்லிப் பாருங்கள். நாக்கு சுளுக்கிக்கொண்டால் கவலை வேண்டாம். மனித வாயால் ஒழுங்காகச் சொல்லவே முடியாத பெயராக இருக்க வேண்டும் என்றுதான் இதை உருவாக்கியவரே நினைத்தார்.

திரும்பி வந்த கதை

அவர் ஹோவர்ட் பிலிப்ஸ் லவ்கிராஃப்ட். அமெரிக்காவின் பிராவிடன்ஸ் ஊர்க்காரர். 1890-ல் பிறந்தவர். 'வியர்ட் டேல்ஸ்' என்ற மலிவு விலைப் பத்திரிகைக்கு பயங்கரக் கதைகள் எழுதிக்கொண்டிருந்தார். 1926-ல் 'க்துலுவின் அழைப்பு' கதையை எழுதி அனுப்பினார். ஆசிரியர் என்ன செய்தார் தெரியுமோ? திருப்பி அனுப்பிவிட்டார்! (அனுப்பிய கதை திரும்பி வந்த சோகத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்.) அப்புறம் மனசு மாறி, 1928 பிப்ரவரி இதழில் போட்டார்.

லவ்கிராஃப்ட் 1937-ல் 46 வயதில் குடல் புற்றுநோயால் இறந்தார். பணமும் இல்லை, பெரிய பெயரும் இல்லை. அவரது கதைகளைப் புத்தகமாக்குவதற்கென்றே நண்பர்கள் 1939-ல் 'ஆர்க்கம் ஹவுஸ்' என்று ஒரு பதிப்பகம் தொடங்கினார்கள். 1981-ல் க்துலு பெயரில், நண்பர்கள் கூடி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் விளையாட்டு ஒன்று வந்தது. அதன் பிறகு பூதத்துக்கு ஏறுமுகம்தான்.

கதை இதுதான். 1925-ம் வருஷம். ஒரு இளம் சிற்பிக்குக் கெட்ட கனவு வருகிறது. வழவழவென்று ராட்சசக் கற்கள், கோணல்மாணலான நகரம், பெயர் சொல்லி அழைக்கும் ஒரு குரல். அதே சமயத்தில் உலகத்தின் வேறு வேறு மூலைகளில் கவிஞர்களுக்கும் ஓவியர்களுக்கும் அதே மாதிரிக் கனவு. கடலுக்கடியில் நிலநடுக்கம். மூழ்கிய நகரம் மேலே வருகிறது. அந்தப் பக்கம் போன மாலுமிகள் தெரியாத்தனமாக ஒரு கதவைத் திறந்துவிடுகிறார்கள். பூதம் வெளியே வருகிறது. ஒருத்தன் கப்பலையே அதன் தலைமேல் மோதித் தப்புகிறான். நகரம் மறுபடி மூழ்குகிறது. பூதம் மறுபடி தூங்கப் போகிறது. அவ்வளவுதான்.

இதில் பயப்பட என்ன இருக்கிறது? நம் பாட்டிகள் சொன்ன கதைகளில் இதைவிடப் பெரிய பூதங்கள் உண்டே!

கோபமே இல்லாத சாமி

பூதத்தின் பற்களையும் நகங்களையும் விட்டுவிடுங்கள். லவ்கிராஃப்ட் வைத்த வெடி வேறு இடத்தில் இருக்கிறது. அந்தச் சாமிக்கு நம் மேல் கோபம் கிடையாது. பகை கிடையாது. நாம் ஒருத்தர் இருக்கிறோம் என்பதே அதற்குத் தெரியாது! வீட்டு வாசலில் நடக்கும்போது காலடியில் எத்தனை எறும்பு நசுங்கியது என்று நாம் கணக்கு வைத்துக்கொள்கிறோமா? அதே மாதிரி.

க்துலுவுக்கு மேலேயும் ஒரு பெரியவரை வைத்திருக்கிறார். அஸத்தோத் என்று பெயர். பிரபஞ்சத்தின் நட்டநடுவில் உட்கார்ந்திருக்கும் இவருக்கு மூளையே கிடையாது. சுற்றிலும் குழலும் பறையும் ஓயாமல் முழங்கிக்கொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே உள்ளவர் யார் என்று பார்த்தால், அங்கே யோசிக்கத் தெரியாத ஒன்று! இதுதான் அவருடைய பயங்கரம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மனுஷர் சரியான நிறவெறியர். கதையில் க்துலுவைக் கும்பிடுகிறவர்கள் யார் என்று பாருங்கள்... பெரும்பாலும் கறுப்பர்கள், கலப்பினத்தார், அயல்நாட்டு மாலுமிகள். அடுத்த தெருவில் குடியேறியவனின் சாமியைப் பார்த்துப் பயந்த ஒருவர், அந்தப் பயத்தையே கடலளவு பெரிதாக்கிக் காட்டினார் என்று சொன்னால் தப்பில்லை. உலக அதிபுனைவு விருதாக அவருடைய தலைச் சிலையைத்தான் பல வருஷம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதால், 2015-ல் அதை மாற்றப்போவதாக அறிவித்தார்கள்.

எழுதியவரைக் கழித்துக்கட்டினாலும் பூதத்தை யாரும் விடவில்லை. ஏன்? நம்மைக் கண்டுகொள்ளாத ஒன்று மேலே இருக்கிறது என்ற பயம் எல்லோருக்கும் உள்ளுக்குள் இருக்கிறது. அதற்கு ஒரு முகம் கிடைத்தால், கூடவே ஒரு பெயரும் கிடைத்தால், கொஞ்சம் ஆறுதல். பொம்மையாக்கி மடியில் வைத்துக்கொண்டால் இன்னும் ஆறுதல். ரசிகர்கள் செய்வது வேறொன்றுமில்லை... ஊர்பேர் தெரியாத பூதத்தைக் குலதெய்வமாக்கும் வேலை!

"இது என்ன சாமிங்க?"

டி-ஷர்ட் என்று சொன்ன பிறகு திருப்பூரைச் சொல்லாமல் இருக்க முடியுமா? மண்டை ஓடு, டிராகன், கோரப்பல் முகம் என்று வெளிநாட்டுக்காரன் கேட்கிற எல்லாவற்றையும் பனியன் துணியில் அச்சடித்து அனுப்பும் ஊர். அப்படி ஒரு ஆக்டோபஸ் தலை டி-ஷர்ட், செக்கிங் டேபிளுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மடித்து வைக்கிற அக்கா கேட்பார்:

"ஏனுங்க, இது என்ன சாமிங்க?"

"கடலுக்கடியில தூங்குற சாமி. முழிச்சா உலகமே அழிஞ்சிரும்."

"அய்யோ... என்ன படையல் போட்டாச் சாந்தமாகுமுங்க?"

"ஒண்ணும் வேண்டாம். கும்பிட்டாலும் அதுக்குத் தெரியாது."

"அப்புறம் அது எப்படிங்க சாமியாகும்?"

லவ்கிராஃப்ட் சாமியை நம் ஊர்ச் சாமிகளிடமிருந்து பிரிக்கிற கோடு இந்தக் கடைசிக் கேள்விதான். பயங்கரமான சாமி நமக்குப் புதிதில்லை. உருட்டி விழிக்கும் முனியப்பன், அரிவாள் ஓங்கிய கருப்பணசாமி, மண்டை ஓடு ஏந்திய அம்மன் எல்லாம் உண்டு. ஆனால் அத்தனை பேருக்கும் நம் பெயர் தெரியும். நம் தாத்தா பெயரும் தெரியும். போன தடவை நேர்ந்துகொண்டு செய்யாமல் விட்ட கிடாயும் ஞாபகத்தில் இருக்கும்!

பொள்ளாச்சி பக்கம் ஆனைமலைக்குப் போய்ப் பாருங்கள். மாசாணியம்மன் மல்லாந்து படுத்திருக்கிறாள். 15 அடிக்குக் குறையாத நீளம். மயானத்தில் சயனித்தவள் என்பதுதான் மாசாணி ஆயிற்று என்பார்கள். க்துலு மாதிரியே படுத்த கோலம்தான். ஆனால் வித்தியாசத்தைக் கேளுங்கள். கொடுத்த பணம் வரவில்லை, நகை திருட்டுப் போய்விட்டது, நம்பினவன் ஏமாற்றிவிட்டான் என்று வருகிறவர்கள் அங்கே மிளகாயை அரைத்து நீதிக்கல்லில் பூசிவிட்டுப் போகிறார்கள். காரியம் முடிந்ததும் மறுபடி வந்து, எரிச்சல் தணிய எண்ணெய்க் காப்பு. ரசீது இல்லாத வழக்கு மன்றம்! கோர்ட்டுக்குப் போக வக்கீல் ஃபீஸ் இல்லாதவர்களுக்கு இந்த அம்மன் எவ்வளவு பெரிய தைரியம் என்பது வரிசையில் நிற்கிறவர்களின் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

கனவில் வரும் விஷயத்துக்கும் நம்மிடம் பதில் இருக்கிறது. காங்கேயம் அருகே சிவன்மலை. சுப்பிரமணிய சாமி கோயில். அங்கே 'ஆண்டவன் உத்தரவுப் பெட்டி' என்று ஒரு கண்ணாடிப் பெட்டி. ஏதாவது ஒரு பக்தரின் கனவில் சாமி வந்து, இன்ன பொருளை வை என்று சொல்லும். அவர் கோயிலில் வந்து சொல்வார். சாமி முன்னால் பூப் போட்டுக் கேட்பார்கள். உத்தரவானால் பொருள் பெட்டிக்குள் போகும். அடுத்தவர் கனவில் அடுத்த உத்தரவு வரும்வரை அது அங்கேயே இருக்கும். மண், தண்ணீர், தங்கம், துப்பாக்கி என்று பலதும் இருந்திருக்கின்றன. பெட்டியில் என்ன இருக்கிறதோ அது நாட்டில் பெரிய பேச்சாகும் என்பது நம்பிக்கை. தண்ணீர் வைத்ததையும் 2004 சுனாமியையும் சேர்த்துச் சொல்கிறவர்கள் உண்டு. நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்... லவ்கிராஃப்ட் கதையில் கனவு கண்டவன் காய்ச்சலில் விழுந்து உளறுகிறான். சிவன்மலையில் கனவு கண்டவர் குளித்துவிட்டு, பஸ் பிடித்துக் கோயிலுக்கு வந்து, விவரம் சொல்லிவிட்டுப் போகிறார்!

திருப்பூருக்குப் பக்கத்திலேயே இருக்கும் அவிநாசியில் முதலைகூட முறை தெரிந்தது. விழுங்கிய பிள்ளையை, சுந்தரர் பாடிக் கேட்டபோது, இடைப்பட்ட வருஷங்களின் வளர்ச்சியையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்ததாகக் கதை. அசலும் வட்டியும்!

இந்தச் சாமிகளின் பயமும் பிரியமும் கலந்த கவர்ச்சியைச் சரியாகப் பிடித்தவர் 2024 நவம்பரில் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன். அவர் கதையை நாகா இயக்கி, தொண்ணூறுகளில் சன் டி.வி.யில் வந்த 'விடாது கருப்பு' ஞாபகம் இருக்கிறதா? குதிரைக் குளம்படிச் சத்தம் கேட்டதும் போர்வைக்குள் புகுந்துகொண்டு, கண்ணுக்கு மட்டும் ஓட்டை வைத்துப் பார்த்தவர்கள் இன்றைக்குப் பேரன் பேத்தியோடு இருக்கிறார்கள். கருப்பு யாரைத் தண்டிக்கும்? தப்பு செய்தவனை. ஆகவே பயம் இருந்தது. கூடவே ஒரு நிம்மதியும் இருந்தது.

பனியன் ஊருக்குத் தெரிந்த பூதம்

அப்படியானால் லவ்கிராஃப்ட் சொன்ன மாதிரிப் பூதம் நம் ஊரில் கிடையவே கிடையாதா? உண்டு. திருப்பூர்க்காரர்களுக்கு அதை நன்றாகவே தெரியும். அதற்கு ஆக்டோபஸ் தலை கிடையாது.

நூல் விலை திடீரென்று ஏறும். ஏன் என்று ஓவர்லாக் டெய்லருக்குத் தெரியாது. டாலர் அசையும். ஆர்டர் நிற்கும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி என்றது. கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ புரண்டு படுத்தார்கள். இந்தப் பக்கம் சனிக்கிழமைச் சம்பளம் ஆடியது. தேனியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, வாடகை அறையில் தங்கி, ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற ஒருத்தர் மேல் அந்த வரி போட்டவருக்கு என்ன கோபம்? ஒன்றுமில்லை. அப்படி ஒருத்தர் இருப்பதே அவருக்குத் தெரியாது. இந்தச் சாமிக்கு எந்தக் கிடாயை வெட்டுவது? எந்தக் கல்லில் மிளகாய் அரைப்பது?

சரி, திருப்பூர் மட்டும் எறும்பாகவே இருந்ததா? நொய்யல் கரை விவசாயியைக் கேளுங்கள். சாயப்பட்டறைக் கழிவு ஆற்றில் ஓடிய வருஷங்களில், பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர்தான் தேங்கியது. கிணறு கெட்டது. தென்னை கருகியது. சாயம் போட்டவருக்கு அந்த விவசாயி மேல் பகை ஏதாவது இருந்ததா? கிடையாது. அவரை நினைக்கவே இல்லை, அவ்வளவுதான். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகளை மூடிய பிறகுதான் எறும்புக்கும் ஒரு கணக்கு உண்டு என்பது உறைத்தது. அன்றைக்கு வேலை போனது மறுபடி யாருக்கு? பட்டறையில் துணியைப் புரட்டிக்கொண்டிருந்த தொழிலாளிக்கு!

ஆகவே, 'கண்டுகொள்ளாத சாமி' கடலுக்கடியில் மட்டும் இல்லை. கீழே யார் இருக்கிறார் என்று குனிந்து பார்க்காத எல்லா இடத்திலும் இருக்கிறது. மாசி சிவராத்திரிக்கும் பங்குனி உத்திரத்துக்கும் ரெண்டு நாள் லீவு சொல்லிவிட்டு, திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் நெரிசலில் தொங்கிக்கொண்டு குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்புகிறவர்களைக் கேலி செய்வதற்கு முன் இதை யோசிக்கலாம். கம்பெனிக்கு அவர் டோக்கன் நம்பர். பூசாரிக்கு அவர் இன்னார் பேரன். அரிவாளோடு நிற்கிற அந்தச் சாமி, வருஷத்தில் ஒரு நாளாவது அவரைப் பெயர் சொல்லிக் கேட்கிறது: "ஏம்ப்பா, இத்தனை நாளா எங்க போயிருந்தே?"

க்துலு என்றைக்கு விழிக்கும் என்று ரசிகர்கள் ஆவலாகக் காத்திருக்கிறார்கள். ஆனைமலையில் அந்தப் பிரச்னை கிடையாது. அம்மன் படுத்திருக்கிறாளே தவிர, தூங்குகிறாள் என்று யாரும் சொல்வதில்லை. கூலி பாக்கி வைத்திருக்கும் முதலாளிகள் கொஞ்சம் கவனமாக இருப்பது நல்லது. மிளகாய் விலை அப்படியொன்றும் கட்டுப்படியாகாத விலை இல்லை!