கல் காட்டும் நீதி

திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலிலே வீரராஜேந்திர சோழன் காலத்துச் சாஸனம் ஒன்று உளது. ஆதுரசாலையில் 15 படுக்கைகள். வைத்தியனுக்கு இத்தனை நெல், பணிப்பெண்களுக்கு இத்தனை நெல் என்று 11-ஆம் நூற்றாண்டுக் கணக்கு ஊரார் கண்முன் நிற்கிறது.

இக்காலத்தில் நடந்ததென்ன? குடியானவருக்கு ஆண்டுக்கு ரூ. 6,000 அளிக்கும் பி.எம். கிசான் திட்டத்தில், தகுதியற்றோர் 5 லக்ஷத்துக்கு மேற்பட்டோர் தமிழ்நாட்டில் சேர்க்கப்பட்டு, சுமார் 110 கோடி ரூபாய் களவு போனதாக 2020-இல் வெளியாயிற்று. அதிகாரிகளின் கடவுச்சொற்கள் தரகர் கையில் சிக்கினவாம். ஏர் பிடியாதவன் எவன் என்பதை ஊரல்லவோ அறியும்?

மானியம் பெறுவோர் விவரத்தைச் சர்க்காரே வெளியிடவேண்டுமென்று 2005-ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் விதிக்கிறது. ஜாபிதா கணினியில் கிடந்தால் போதாது. கிராம சபையில் உரக்கப் படிக்கப்படவேண்டும் என்கிறோம் நாம். தேச ஊழியர்களே, அடுத்த சபையில் எழுந்து கேளுங்கள்!