நேரப்புள்ளியும் நாட்குறியும் ஊர்நேரமும்

தரவுத்தளத்தில் பதியப்பெறும் நேரங்கள் யாவும் ஓரினத்தவை அல்ல. எந்த ஊரிலிருந்து நோக்கினும் தன்நிலை மாறாது, உலகெங்கணும் ஒன்றாகவே நிற்பது நேரப்புள்ளி. ஆண்டு, திங்கள், நாள் என்னும் மூன்று எண்களால் மட்டுமே அமைந்து, மணியையும் இடத்தையும் சாராதது நாட்குறி. ஓர் ஊரின் சுவரில் தொங்கும் மணிகாட்டி காட்டுவதும், அவ்வூர்ப்பெயரைச் சேர்த்துரைத்தாலன்றிப் பொருள் நிறைவுறாததும் ஊர்நேரம். பணம் கைமாறிய வேளை நேரப்புள்ளி, பிறந்தநாள் நாட்குறி, அடுத்த திங்கள் காலை 10 மணிக்குக் கூடவிருக்கும் கூட்டம் ஊர்நேரம். மென்பொருளில் நேரம்பற்றி எழும் பிழைகளுள் பெரும்பாலானவை இம்மூன்றனுள் ஒன்றை மற்றொன்றின் புலத்தில் இட்டுவைப்பதால் விளைவன என்பது என் துணிபு.

நேரப்புள்ளியைப் பதிதல் எளிது. உலகப் பொதுநேரத்தில் 1970 சனவரி முதல் நாளின் தொடக்கத்திலிருந்து நொடிகளை எண்ணும் முறை யூனிக்சு இயங்குதளத்தோடு பரவியது. அவ்வெண்ணிக்கையைக் குறியுடைய 32 இருமங்களுள் அடைத்தால், 2038 சனவரி 19 அன்று பொதுநேரம் 3 மணி 14 மணித்துளி 7 நொடியோடு இடம் தீர்ந்துவிடும். போசுட்கிரசு தரவுத்தளமோ 64 இருமங்களில் நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு கூறுவரை எண்ணுவதால் இவ்வச்சம் அதற்கில்லை. அங்கே ‘நேரவலயத்துடன்’ என்னும் அடைமொழியோடு வழங்கும் நேரப்புலம் உண்மையில் வலயத்தைத் தன்னுள் வைத்திருப்பதில்லை என்பதை மட்டும் நிரலர் நினைவிற்கொள்ள வேண்டும். உள்வரும் நேரத்தைப் பொதுநேரத்துக்கு மாற்றிப் பதிந்தபின், வந்த வலயத்தை அது விட்டுவிடுகிறது.

நாட்குறியை நேரப்புள்ளியாக்குவது மிகப் பரவலான தவறு. சென்னையில் சனவரி 15 அன்று பிறந்த குழந்தையின் பிறந்தநாளை அந்நாளின் நள்ளிரவு எனக் கொண்டு நேரப்புள்ளியாக்கினால், அது பொதுநேரத்தில் சனவரி 14 மாலை 6.30 மணி ஆகும். பொதுநேரத்தில் இயங்கும் வழங்கி அதிலிருந்து நாளை மட்டும் வெட்டியெடுத்து அனுப்புமாயின், குழந்தை ஒரு நாள் முந்திப் பிறந்ததாகிவிடும். பிறந்தநாளுக்கு நேரவலயம் இல்லை. நாளுக்கென அமைந்த புலமே அதற்குப் போதும். இதன் மறுதலையும் உண்டு. நாள் என்பது ஓர் ஊரின் நள்ளிரவு தொடங்கி மறு நள்ளிரவு வரை நீள்வதாகலின், நேரப்புள்ளிகளை நாள்தோறும் தொகுக்கும் வினவல் எவ்வூரின் நாளைக் கொள்வது என்பதைச் சொல்லியாக வேண்டும். கோயம்பேட்டுச் சந்தையில் ஏப்பிரல் 1 விடியற்காலை 5 மணிக்கு நடக்கும் விற்பனை, பொதுநேரத்தில் மார்ச்சு 31 இரவு 11.30 மணிக்கு உரியது. வலயத்தைக் குறியாத வினவல் அவ்விற்பனையை முந்தைய நாளில் மட்டுமன்று, முந்தைய கணக்காண்டிலேயே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

ஊர்நேரத்தை ஞாயிற்றின் செலவு மட்டும் வகுப்பதில்லை, அரசுகளும் வகுக்கின்றன. இலங்கை இதற்கு நிறைவான சான்று. பொதுநேரத்துக்கு ஐந்தரை மணி முந்தி நின்ற அந்நாடு, மின்பற்றாக்குறையை முன்னிட்டு 1996 மே 25 அன்று மணிகாட்டிகளை ஒரு மணி முன்தள்ளியது. அவ்வாண்டு அக்டோபர் 26 அன்று அரைமணி பின்னிழுத்தது. 2006 ஏப்பிரல் 15 அன்று மீண்டும் அரைமணி பின்சென்று பழைய நிலையை எய்தியது. ஆகவே முதல் மாற்றத்தின் இரவில், நள்ளிரவை அடுத்த ஒரு மணி கொழும்பில் வரவே இல்லை. இறுதி மாற்றத்தின் இரவில், நள்ளிரவை அடுத்த அரைமணி இருமுறை வந்தது. 2006 ஏப்பிரல் 15, நள்ளிரவு கடந்து 10 மணித்துளி என்று மட்டும் பதிந்த வரி இரண்டு நேரப்புள்ளிகளைச் சுட்டும்; அவற்றுள் எது உரியது என்பதைத் தரவுத்தளம் தானே அறிய இயலாது. நாட்கோட்டின் மறுபுறம் சேர்ந்த சமோவாவிலோ 2011 திசம்பர் 30 என்னும் நாளே இல்லை.

ஆதலால் +5.30 என்னும் எண்ணை நேரவலயமாகக் கொள்ளுதல் பொருந்தாது. அது ஒரு வேளையின் வேறுபாடு. வலயமோ, ஓரிடத்தில் அவ்வேறுபாடு காலந்தோறும் மாறிவந்த வரலாறு முழுவதும். அவ்வரலாற்றைத் தொகுக்கும் பணியை ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கினார். பால் எக்கர்ட் பேணி வருகிறார். ஆசியா/கொழும்பு, ஆசியா/கொல்கத்தா எனப் பெருநிலத்தையும் நகரையும் இணைத்து அத்தொகுப்பில் வலயங்களுக்குப் பெயரிட்டனர். கொல்கத்தா என்னும் பெயர்கொண்ட அவ்வலயத்தில் 1906-க்கு முற்பட்ட ஒரு பகுதிக்குரிய வேறுபாடு 5 மணி 21 மணித்துளி 10 நொடி. அது சென்னையின் நேரம். தொடர்வண்டிகள் நாடெங்கும் பின்பற்றிய நேரம். 82.5 பாகை நெடுங்கோட்டைச் சார்ந்த இந்தியச் சீர்நேரம் 1906 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. இன்றும் 1900-ஆம் ஆண்டின் ஒரு நாளை அவ்வலயத்தில் வைத்து வினவினால், கணினி சென்னை நேரத்தையே விடையாகத் தரும்.

எல்லா நேரத்தையும் பொதுநேரத்திலேயே பதிக என்னும் அறிவுரை நடந்து முடிந்தவற்றுக்குச் சாலப் பொருந்தும், நடக்கவிருப்பவற்றுக்குப் போதாது. 2006 பிப்ரவரியில், அவ்வாண்டுச் சூன் திங்கள் காலை 10 மணிக்குக் கொழும்பில் நடக்கவிருந்த கூட்டத்தை ஒருவர் பொதுநேரம் 4 மணி என மட்டும் பதிந்திருந்தால், ஏப்பிரல் மாற்றத்துக்குப் பின் அப்பதிவு காலை 9.30 எனக் காட்டும். கூட்டத்தார் உடன்பட்டது பத்து மணிக்கு. நேரப்புள்ளி அவ்வுடன்பாட்டிலிருந்து பெறப்பட்ட வழிப்பதிவே. எனவே வருங்கால நிகழ்வுக்கு ஊர்நேரமும் வலயப்பெயரும் முதற்பதிவாகட்டும். வரிசைப்படுத்தவும் நினைவூட்டவும் வேண்டிய நேரப்புள்ளியை அவற்றிலிருந்து கணக்கிட்டுத் தனிப்புலத்தில் வைக்கலாம். வலய அட்டவணை புதுப்பிக்கப்படுந்தோறும், இனி வரவிருக்கும் நிகழ்வுகளின் வரிகளை மட்டும் மீளக் கணக்கிட வேண்டும். இருமுறை வரும் வேளைக்கு முன்னதைக் கொள்வதா பின்னதைக் கொள்வதா என்பதை முன்னரே வரையறுத்துவைக்க வேண்டும். 2023 மார்ச்சில் லெபனான் அரசு, கோடைநேரத் தொடக்கத்தைத் தள்ளிவைப்பதாக உரிய நாளுக்குச் சில நாள் முன்னர்தான் அறிவித்து, அடுத்த சில நாள்களிலேயே அம்முடிவைக் கைவிட்டது. இடைப்பட்ட நாள்களில் ஒரே நாட்டில் இருவேறு நேரங்கள் வழங்கின. அத்தகைய வேளையிலும், ஊர்நேரத்தையும் வலயத்தையும் முதற்பதிவாகக் கொண்ட தரவுத்தளத்தில் திருத்தவேண்டுவது வழிப்பதிவாகிய நேரப்புள்ளி ஒன்றே.